பதினொன்றாவது தடவை அனுப்பியது

பெங்களூர்
12 டிசம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

வெற்றிசெல்வன் எழுதுகிறேன். ஃபஹதின் நண்பன். மூன்றாம் தேதி சாயங்காலம் வலங்கைமானில் உங்கள் வாசலில் வந்து நின்றவன். அடக்கம் முடிந்துவிட்டதா, முகம்கூடப் பார்க்க முடியவில்லையே என்று நான் சொன்னதும், “உங்களுக்கு எதுக்கு அவன் முகம்” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினீர்கள். அதற்காக எனக்கு வருத்தம் இல்லை. அதற்குப் பிறகு நான்கு முறை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம்.

எங்கள் பழக்கம் உங்களுக்கு எந்த அளவுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் திருப்பனந்தாள்காரன். உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் நாங்கள் பழகியது முழுக்க இணையத்தில்தான். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும், திரையில் ஒன்றும் வருவதற்கு முன்னால், முதலில் ஓடுகிற ஒரு சின்ன ப்ரோகிராம் உண்டு. ஃபர்ம்வேர் என்பார்கள். கம்பெனிகள் அதை மூடியே வைத்திருக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம் என்று திறந்த முறையில் அதை எழுதுகிற ஒரு குழு இருக்கிறது. நானும் ஃபஹதும் அதில் இருந்தோம். ஒருவர் எழுதி அனுப்பினால் இன்னொருவர் படித்துக் குறை சொல்ல வேண்டும், எழுதியவர் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். ஃபஹத் அனுப்புவதைப் படித்துக் குறை சொல்கிற வேலை என்னுடையது.

அவன் பாபநாசம் கடையில் லேப்டாப் ரிப்பேர் செய்த காலத்தில் ஒரு பழைய மாடல் அடிக்கடி வருமாம். கம்பெனி அதைக் கைவிட்டுவிட்டது. அதற்கு ஃபர்ம்வேர் எழுத உலகத்தில் யாரும் முன்வரவில்லை. அவன் இரண்டு வருஷமாக எழுதினான். பதினொரு தடவை அனுப்பினான். பதினொன்றாவதில் எல்லாம் சரியாக இருக்கிறது, ஒன்றே ஒன்று தவிர. கடைசியில் வர வேண்டிய கையொப்ப வரி இல்லை. அது இல்லாமல் எதையும் சேர்க்கக் கூடாது என்பது குழுவின் விதி.

அவன் மெஷினில் கையொப்பத்தோடு ஒரு பிரதி இருக்கலாம். நீங்கள் பார்த்துச் சொன்னால் போதும், அல்லது என்னைப் பார்க்க விட்டால் போதும். போலந்தில் ஒருவர் அதே மாடலுக்குப் புதிதாக எழுத ஆரம்பித்திருக்கிறார். அவருடையது முதலில் போய்விட்டால் ஃபஹதின் பெயர் எங்கேயும் இருக்காது. இந்த நேரத்தில் இதைக் கேட்பது சரியில்லை என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

வெற்றிசெல்வன்


வலங்கைமான்
21.12.2024

வெற்றிசெல்வன் அவர்களுக்கு கமருன்னிஸா எழுதிக்கொள்வது.

உங்க கடுதாசி வந்துச்சு. வீட்லேருந்து பிள்ளையோட மையத்து போயி பத்து நாள் ஆகல, அதுக்குள்ள மெஷினைத் திறந்து பாருங்கன்னு எழுதியிருக்கீங்க. படிச்சவங்க துக்கம் விசாரிக்கிற முறை இதுதான் போலிருக்கு.

நீங்க யாருன்னு எனக்கு நல்லாவே தெரியும். அவங்க அத்தா லியாகத் அலி சவூதியில மவுத்தானதுக்கு அப்புறம் எனக்குன்னு இருந்தது இவன் ஒருத்தன். இவனுக்குச் சிறுநீரகம் ரெண்டும் போச்சு. என்னுது ஒண்ணை எடுத்துக்குங்கன்னேன். சக்கரை இருக்கு, ஆகாதுன்னுட்டாங்க. நாலு வருஷமா செவ்வாய், வியாழன், சனி, காலைல ஆறு மணி பஸ்ஸைப் பிடிச்சு கும்பகோணம் போயி, டயாலிசிஸ் கட்டிலுக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவ நான். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். இடது கையில ரெண்டு ஊசி, அந்தக் கையை அசைக்கக் கூடாது. ஒத்தக் கையால தட்டினா அவனுக்குப் பொறுமை போயிடும். அதனால லேப்டாப்புல வலது பக்கத்து எழுத்தை அவன் தட்டுவான், இடது பக்கத்து எழுத்தை அவன் சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். என்ன எழுதறோம்னு எனக்கு ஒரு மண்ணும் புரியாது. அவன் பேரை அடிக்கணும்னா ஹெச் மட்டும்தான் அவன் பக்கம், மிச்சம் அத்தனையும் என் பக்கம்.

உங்க மெயில் வந்தா “வெற்றி பார்த்துட்டாம்மா”ன்னு எழுந்து உட்காரப் பார்ப்பான். திறந்தா, இந்த வரியில இடைவெளி விட்டிருக்கு, டேப் தட்டியிருக்கணும்னு இருக்கும். டேப் பொத்தான் இடது பக்கம். அப்ப அந்தக் குறையெல்லாம் என்னைத்தான் சொல்லியிருக்கீங்க. உடம்பு ரத்தமெல்லாம் குழாய் வழியா வெளியே போயி உள்ளே வந்துக்கிட்டிருக்கிற பிள்ளையை, ஒரு டேப்புக்காகத் திருப்பி எழுத வச்சீங்க. ஒரு தடவையா, ரெண்டு தடவையா.

அவன் மவுத்தான திங்கட்கிழமை காலைல கடைசியா திறந்து பார்த்ததும் உங்க மெயில்தான். “கையொப்ப வரி இல்லை. சேர்த்துத் திருப்பி அனுப்பவும்.” அவ்வளவுதான் இருந்துச்சு. எப்படிடா இருக்கேன்னு ஒரு வார்த்தை போட உங்களுக்குக் கை வரல. அன்னிக்குச் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடியறதுக்குள்ள என் பிள்ளை போயிட்டான்.

மெஷினைத் தர மாட்டேன். நீங்களும் இங்க வர வேணாம். போன் பண்ணினா நான் அழுவேன், இல்லாட்டி நீங்க அழுவீங்க, ரெண்டும் எனக்கு வேணாம். எழுதணும்னா எழுதுங்க. படிக்கிறதும் அடுப்புல போடறதும் என் இஷ்டம்.

கமருன்னிஸா


பெங்களூர்
2 ஜனவரி 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இடது பக்கம் தட்டியது நீங்கள் என்று எனக்குத் தெரியாது. அவன் சொன்னதே இல்லை. டயாலிசிஸ் போகிறான் என்று மட்டும் தெரியும். அந்த நாலு மணி நேரத்தில்தான் எழுதினான் என்பதை உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு ரூமிலேயே இருந்தேன்.

அந்த ஒற்றை வரி மெயிலைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் சொந்தக்காரர் கல்யாணம், சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தபடி போனில் தட்டினேன். பிறகு நிதானமாகப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்தது அதுதான்.

கையொப்பம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், நான் வெறும் சடங்குக்காக அலைகிறேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. “இது நான் எழுதியது, எல்லோருக்கும் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது” என்று எழுதியவர் தன் பெயரைப் போட்டுச் சொல்கிற வரி அது. ஒருவருக்காக இன்னொருவர் அதைப் போட முடியாது. இரண்டாவது தடவை அனுப்பியபோது அந்த வரி விட்டுப்போயிருந்தது. திருப்பி அனுப்பினேன். நானே சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, “என் பேரை நீ எப்படிடா எழுதுவே” என்று அவன் சண்டைக்கு வந்தான். அதற்குப் பிறகு ஒருதடவைகூட அதை விட்டதில்லை, இந்தக் கடைசித் தடவை வரைக்கும். போன வாரம் நான் அவன் பெயரை நானே அடித்துப் பார்த்தேன். யாருக்கும் தெரிந்திருக்காது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்துவிட்டேன்.

முன்னால் அனுப்பியவற்றில் கையொப்பம் இருக்கிறதே, அதைச் சேர்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். போன அக்டோபரில் குழுவின் அடிப்படை வேலையே மாறிவிட்டது. பழைய பத்தும் இன்றைக்கு ஓடாது. அவன் முழுவதையும் புதிதாகத் திருத்தி எழுதியதுதான் பதினொன்றாவது.

அவன் மெஷினில் ‘அனுப்பியது’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் பதினொன்று என்று எண் போட்டது எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றிலாவது கடைசியில் அவன் பெயர் இருந்தால் எழுதுங்கள். மெஷினை நீங்கள் எனக்குத் தர வேண்டியதில்லை.

வெற்றிசெல்வன்


வலங்கைமான்
14.1.2025

தம்பி வெற்றிசெல்வனுக்கு,

நீங்கன்னு எழுதினா எனக்கே யாரோ கோர்ட்டுக்கு எழுதற மாதிரி இருக்கு. இனிமே நீன்னுதான் எழுதுவேன்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிஞ்சுது. சனம் வந்து சாப்பிட்டுப் போச்சு. மழையில சாய்ஞ்ச சம்பா இன்னும் நிமிரல, வந்தவங்க பாதிப் பேரு அதைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தாங்க. எனக்கு அதுவும் நல்லதாத்தான் பட்டுச்சு. என் முகத்தை யாரும் பார்க்கல.

அவங்க போனதும் மெஷினைத் திறந்தேன். நாற்பது நாளைக்கு அப்புறம். நீ சொன்ன ஃபோல்டரைப் பார்த்தேன். பதினொண்ணு போட்டது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதுல அவன் பேர் இல்ல. வேற எங்கயும் தேட வேணாம். கிடையாது.

இப்ப நான் உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன். வக்கீல் மாதிரி சுத்தி வளைக்காம நேரா சொல்லணும். அஞ்சாவது தடவை வரைக்கும் நீ ஒரு குறை எழுதினா அவன் நெத்தியைத் தேய்ச்சுக்குவான், பஸ்ஸுலகூட அதையே யோசிச்சுக்கிட்டு வருவான். ஆவணிக்கு அப்புறம் அப்படி இல்ல. நீ எழுதினதைப் படிச்சுட்டு சிரிப்பான். “இதெல்லாம் ஒரு குறையாம்மா. வெற்றி வேணும்னே பண்றான்”னான். ஏண்டா பண்றான்னு கேட்டேன். “அவன் நல்லவன்மா, விடு”ன்னுட்டான்.

நல்லவன் எதுக்கு வேணும்னே பண்ணணும். எனக்கு அது வேணும்.

கமருன்னிஸா


பெங்களூர்
22 ஜனவரி 2025

அம்மா,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. நேராகவே சொல்கிறேன்.

போன ஆகஸ்டில் ஆறாவது தடவை அனுப்பினான். அதில் குறையே இல்லை. அன்றைக்கே ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் அவனுக்குப் போன் செய்தேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவன் சொன்னான்: “இது உள்ளே போயிடுச்சுன்னா எனக்குப் போதும்டா. அதுக்கப்புறம் கும்பகோணம் போறதை நிறுத்திடலாம்னு இருக்கேன். உடம்பு தாங்கல. அம்மாவும் எத்தனை நாளைக்கு அந்த ஸ்டூல்ல உட்காரும். அம்மாகிட்ட சொல்லாதே.” அழுதுகொண்டு சொல்லவில்லை. ஊருக்குப் போகிற பஸ் நேரத்தைச் சொல்கிற மாதிரி சொன்னான்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது எனக்கு நிறையத் தோன்றுகிறது. உங்களிடம் சொல்லியிருக்கலாம். நேரில் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், பெங்களூரிலிருந்து ஒரு ராத்திரி பயணம்தானே. அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றுதான். வேலை முடிந்தால்தானே நிறுத்துவான். முடியாமல் பார்த்துக்கொண்டால் போதும். “இன்னும் சரியா பார்க்கல, ரெண்டு குறை இருக்கும்னு நினைக்கிறேன்” என்று சொல்லிப் போனை வைத்தேன். பிறகு உட்கார்ந்து குறை தேடினேன். இடைவெளி, டேப், விளக்க வரியில் ஒரு சொல். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. ஒவ்வொன்றும் அவனுக்கு மூன்று வாரம் வாங்கிக் கொடுக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் கடிதம் வரும்வரை எனக்கு அது தெரியாது.

ஆறாவதை நான் ஒழுங்காக ஏற்றிருந்தால், அவன் கையொப்பத்தோடு, அவன் உயிரோடு இருக்கும்போதே உள்ளே போயிருக்கும். தன் பெயரை அவன் பார்த்திருப்பான். அதைக் கெடுத்தது நான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதமும் பொய். பதினொன்றாவது வந்தபோது அதில் சொல்ல எனக்கு எந்தக் குறையும் அகப்படவில்லை. பயந்துபோனேன். கடைசி வரிக்கு வந்து கையொப்பம் இல்லை என்று பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்தத் தடவை பொய் சொல்ல வேண்டியதில்லை என்று சந்தோஷமாகவே அந்த ஒரு வரியைத் தட்டினேன்.

வெற்றி


வலங்கைமான்
1.2.2025

வெற்றிசெல்வனுக்கு,

படிச்சேன்.

என் பிள்ளை உசுரு போறதும் இருக்கறதும் படைச்சவன் கையில இருந்துச்சு. அதை உன் கையில எடுத்துக்க நீ யாரு. பெத்தவகிட்ட சொல்லணும்னு தோணல, டேப் தேடணும்னு தோணிச்சு. அவன் ரெண்டு வருஷம் பார்த்த வேலையை அவன் கண்ணால பார்க்க விடாமப் பண்ணிட்டே. ஆறாவதுலயே பேர் வந்திருந்தா, அந்தச் சந்தோஷத்துலயே இன்னும் நாலு வருஷம் இருக்கணும்னு அவனுக்கு ஆசை வந்திருக்காதா. அதை நீ யோசிச்சியா.

அவனோட பேர் வந்தாலும் சரி, போலந்துக்காரன் பேர் வந்தாலும் சரி. எனக்கு இனிமே எழுதாதே.

கமருன்னிஸா


பெங்களூர்
24 பிப்ரவரி 2025

அம்மா,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஃபஹதின் வேலை சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் ஒரே ஒருமுறை எழுதுகிறேன்.

நடந்ததை அப்படியே குழுவுக்கு எழுதிவிட்டேன். ஆறாவதே சரியாக இருந்தது, நான் வேண்டுமென்றே தடுத்தேன் என்று எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதினேன். இனி மற்றவர்கள் வேலையைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பில் நான் இல்லை. அது நியாயம்தான். வேறு ஒரு பெண்மணி, செக் நாட்டுக்காரர், பதினொன்றாவதைப் பொறுப்பெடுத்துப் படித்துவிட்டார். குறை இல்லை என்கிறார்.

கையொப்பத்துக்கு ஒரு வழி இருக்கிறது என்று அவர்தான் சொன்னார். எழுதியவர் இறந்துவிட்டால் அவர் எழுதியதன் உரிமை வாரிசுக்குப் போகிறது. வாரிசு தன் பெயரில் கையொப்பம் போட்டு அனுப்பலாம். எழுதியவர் என்ற இடத்தில் ஃபஹதின் பெயர் அப்படியே இருக்கும். கீழே உங்கள் பெயர் வரும். வாரிசுச் சான்றிதழ் ஒன்று மட்டும் வேண்டும். தாலுகா ஆபீஸில் வாங்க வேண்டியது.

போலந்துக்காரரிடம் குழுவில் பேசினார்கள். ஏப்ரல் மாதம் வரை தன்னுடையதை அனுப்பாமல் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

என்ன தட்ட வேண்டும் என்பதை ஒவ்வொரு எழுத்தாக இன்னொரு தாளில் எழுதி, அந்தப் பெண்மணியின் மெயில் முகவரியோடு இதனுடன் வைத்திருக்கிறேன். செய்வதும் செய்யாததும் உங்கள் விருப்பம். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வெற்றிசெல்வன்


வலங்கைமான்
14.4.2025, திங்கட்கிழமை

தம்பி வெற்றிக்கு,

நோன்பு முடிஞ்சு, பெருநாள் முடிஞ்சுது. நோன்பு முழுக்க உன் தாளைக் குர்ஆன் வைக்கிற அலமாரியில வச்சிருந்தேன். நல்ல எழுத்துடா உனக்கு. டாக்டரு மாதிரி கிறுக்கியிருப்பேன்னு நினைச்சேன்.

வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிப் போட்டேன். வி.ஏ.ஓ. வந்தாரு, பக்கத்து வீட்ல விசாரிச்சாரு. அப்புறம் தாலுகா ஆபீஸ்ல கூப்பிட்டாங்க. அங்க ஒரு அம்மா, மங்களாம்பிகைன்னு பேர்ப் பலகை போட்டிருந்துச்சு, “எந்தச் சொத்துக்கு கேக்கறீங்க, பட்டா மாத்தவா, பேங்குலயா”ன்னு கேட்டாங்க. பையன் எழுதின கம்ப்யூட்டர் ப்ரோகிராமுக்குன்னேன். அந்த அம்மா பேனாவை வச்சுட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. “அது விலை போகுமாம்மா”ன்னாங்க. இல்லம்மா, எல்லாருக்கும் சும்மா கொடுக்கிறதுன்னேன். “சும்மா கொடுக்கிறதுக்கா இவ்வளவு அலையறீங்க”ன்னு கேட்டுட்டு, மேற்கொண்டு ஒண்ணும் கேக்காம எழுதிக்கிட்டாங்க. சான்றிதழ் வந்துச்சு. வாரிசுன்னு இருக்கிற கட்டத்துல ஒரே ஒரு பேரு, கமருன்னிஸா, தாயார். அதுக்குக் கீழ எல்லாம் கோடு போட்டு அடைச்சிருந்தாங்க. அதைப் பார்த்துத்தான் பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்து அழுதேன்.

சான்றிதழை போட்டோ எடுத்து அந்த செக் நாட்டு அம்மாவுக்கு அனுப்பினேன். போன வியாழக்கிழமை காலைல மெஷினைத் திறந்து உன் தாளைப் பார்த்துத் தட்டினேன். ஒரு மணி நேரம் ஆச்சு. என் பேர்ல பாதிக்கு மேல எழுத்து வலது பக்கம் இருக்கு, அந்தப் பக்கம் எனக்குப் பழக்கமில்ல. ஒவ்வொண்ணாத் தேடித் தேடித் தட்டினேன். அனுப்பினேன். சனிக்கிழமை பதில் வந்துடுச்சு, சேர்த்தாச்சுன்னு. போய்ப் பார்த்தேன். எழுதியவர் ஃபஹத்னு இருக்கு. நீயும் பார்த்திருப்பே.

இது ஆகட்டும்னுதான் உனக்கு எழுதாம இருந்தேன். இப்ப எழுதறேன். உன்னை நான் பேசின பேச்சுக்கெல்லாம் ஒரு கணக்கு இருக்கு, அதை நான் தீர்க்கணும்.

அவன் உன்கிட்ட சொன்னதை என்கிட்டயும் சொன்னான். தீபாவளிக்கு ரெண்டு நாள் முந்தி, பஸ்ஸுல, ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டு. “இந்த வேலை முடிஞ்சா நிறுத்திடலாமாம்மா”ன்னான். நான் காது கேக்காத மாதிரி கண்டக்டர்கிட்ட சில்லறை கேட்டேன். அவன் மறுபடி கேக்கல.

அப்புறம் கடைசியா அனுப்பின அந்த சனிக்கிழமை. கட்டில்ல ஏறி மூணு மணி நேரம் இருக்கும், அவனுக்கு ப்ரெஷர் இறங்கிடுச்சு. நர்ஸ் வந்து காலைத் தூக்கி வச்சிட்டுப் போச்சு. கண்ணை மூடிக்கிட்டே சொன்னான், “எல்லாம் முடிஞ்சுதும்மா, அனுப்ப வேண்டியதுதான். வழக்கமா தட்டுற வரியை நீயே தட்டிடு. கடைசியில கையொப்பத்துக்கு மைனஸ் எஸ். இந்தத் தடவை வெற்றிக்கு ஒரு சாக்கும் கிடைக்காது.” சொல்லிட்டு சிரிச்சான்.

அந்த எஸ்ஸைத் தட்டினாத்தான் அவன் பேரு கடைசியில தானா வரும், இல்லாட்டி என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் தம்பி. ரெண்டாவது தடவை நீ திருப்பி அனுப்பினப்ப அவன் என்னை ஒரு வாரம் வைதான். அதுக்கப்புறம் எட்டு தடவை நானே தட்டியிருக்கேன். அன்னிக்கு அந்த வரி முழுக்கத் தட்டினேன். மைனஸ் எஸ் மட்டும் தட்டல. கை மறக்கல. நான்தான் விட்டேன். திரும்பி வரும், இன்னொரு ரெண்டு வாரம் கும்பகோணம் வருவான்னு நினைச்சேன். நீ மூணு வாரம்னு நினைச்சே, நான் ரெண்டு வாரம்னு நினைச்சேன். அவனுக்கு இருந்தது ரெண்டு நாள்.

அவன் பேர்ல ஹெச் தவிர அத்தனையும் என் பக்கத்து எழுத்துன்னு உனக்குப் பெருமையா எழுதினேனே, அந்தப் பேரை அங்க வராமப் பண்ணினதும் நான்தான். ‘அனுப்பியது’ல தேடிப் பார்த்தேன், இல்லன்னு எழுதினேன். தேடவே இல்ல. இருக்காதுன்னு தெரியும். உன்னைத் திட்டி எழுதின ஒவ்வொரு வரியும் என்னைத் திட்டினதுதான், உன் விலாசத்துக்குப் போட்டேன், அவ்வளவுதான். உன்னைத் திட்டி எழுத நான் இருந்தேன். என்னைத் திட்டி எழுத யாரும் இல்ல.

அடுத்த தடவை ஊருக்கு வந்தா இங்க வா. அவனை அடக்கம் பண்ணின கபுறுஸ்தானுக்கு எங்க ஊர்ல பொம்பளைங்க போறதில்ல, அவன் இருக்கிற இடத்தை நான் பார்த்ததில்ல. நீ போயி பார்த்துட்டு வந்து எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லணும்.

திங்கட்கிழமை காலைல உன் மெயிலைப் படிச்சிட்டு அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். “மறந்துட்டியாம்மா”ன்னு கேட்டான். “ஆமாப்பா, மறந்துட்டேன்”னு சொன்னேன். “சரி விடு, நாளைக்கு அனுப்பிக்கலாம்”னு மெஷினை மூடினான். உன் பொய் அத்தனையும் தெரிஞ்சுக்கிட்டவன், நான் சொன்னதை நம்பினானா இல்லையான்னு எனக்குத் தெரியல.

கமருன்னிஸா